கோயமுத்தூருக்கு ஒற்றுமை அளக்கப் போனேன்

மனிதர்கள் சேர்ந்து வேலை செய்கிற குணத்தை அளந்துவிடலாம் என்று எங்கள் வெள்ளைக்காரப் பிரின்சிபால் துரை ஒரு நாள் முடிவு செய்தார். அவருக்கு யாரோடும் சேர்ந்து வேலை செய்து பழக்கமில்லை. அதனால் அந்த விஷயத்தைத் தள்ளி நின்று ஆராய்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அறுபதுகளின் பிற்பகுதி அது. பினாங்கில் ஒரு சுகாதாரப் பயிற்சிப் பள்ளியில் நான் புள்ளிவிவர உதவியாளன். மூன்று வருடமாகத் தற்காலிகம். துரை இருபது வாக்கியங்கள் எழுதினார். ‘மற்றப் படிப்பு மாணவர்களிடமும் நான் கற்க வேண்டியது உண்டு’, ‘நோயாளியைப் பற்றி நான் சொல்வதை மற்றவர்கள் காதுகொடுத்துக் கேட்கிறார்கள்’ என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஐந்து கட்டம். முழுமையாக ஒப்புக்கொள்கிறேன் என்பதில் தொடங்கி, முழுமையாக மறுக்கிறேன் என்பதில் முடியும். ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அடியில் ‘வேறு கருத்து இருந்தால் எழுதவும்’ என்று நான்கு வரி இடம். டாக்டருக்குப் படிப்பவன், நர்ஸுக்குப் படிப்பவள், கம்பவுண்டருக்குப் படிப்பவன், சுகாதார ஆய்வாளருக்குப் படிப்பவன் ஆகிய நான்கு பேரும் ஒருவரையொருவர் எப்படி நினைக்கிறார்கள் என்பது இதில் தெரிந்துவிடுமாம்.

தமிழாக்கியது நான். துரையின் பழைய சிநேகிதர் ஒருவர் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்ததால், இந்தத் தராசை முதலில் தூக்கிக்கொண்டு போகும் ஊர் அது என்று ஆயிற்று. ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான்கு படிப்புக்காரர்களும் அங்கேதான் பயிற்சி எடுத்தார்கள்.

“எண்பது தாள். ஒவ்வொன்றும் அவரவர் கையால் நிரப்பியதாக இருக்க வேண்டும். கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கே உன் வேலை நிரந்தரம்” என்றார் துரை. எனக்கு ஒற்றுமையின்மேல் அப்போது பிறந்த பக்தி கொஞ்சநஞ்சமல்ல.

கோயமுத்தூர் ஸ்டேஷனில் என்னை அழைக்க ஆஸ்பத்திரி மேனேஜர் ராமசாமி வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு. என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டுதான் பேச ஆரம்பித்தார்.

“ஏனுங்க, நீங்கதானுங்களே பினாங்குலருந்து வந்தவரு? பிரயாணம் சவுரியமா இருந்துச்சுங்களா? வாங்க, ஊட்டுக்குப் போயிரலாம்.”

என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம். அங்கே ஒருவரைத் திட்டும்போதுதான் ‘ங்க’ போடுவார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். இங்கே குதிரைக்கே போட்டார்கள். நாங்கள் ஏறிய ஜட்காவின் குதிரை ஒரு டீக்கடை முன்னால் வந்ததும் நின்றுவிட்டது. வண்டிக்காரர் சாட்டையை எடுக்கவில்லை. “சித்தெ இருங்க, இது இங்க நிக்காமப் போவாதுங்க” என்று இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். அவர் வாயைத் துடைத்ததும் குதிரை தானாகக் கிளம்பிற்று. டீ யாருக்குப் பழக்கம், குதிரைக்கா அவருக்கா என்று கேட்க நினைத்தேன். ஊருக்குப் புதியவன் என்பதால் சும்மா இருந்தேன்.

மேனேஜர் வீட்டில் அன்று காலை சந்தகை. பினாங்கில் சைக்கிளில் வைத்து விற்பார்களே, புட்டு மாயம் என்று, அது நம் இடியாப்பம். மாவைப் பிழிந்து அப்புறம் வேகவைப்பது. சந்தகையை முதலில் வேகவைத்து, சுடச்சுட அப்புறம் பிழிகிறார்கள். அதற்கு மூன்று கால் வைத்த ஒரு பெரிய கருவி. ராமசாமி அதன் கைப்பிடியைப் பிடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். அவர் மனைவி நாச்சம்மாள் கீழே இலையை வட்டமாகச் சுற்றிச் சுற்றி இழைகளை வாங்கினார். கெட்டியாக வந்தால் அந்தம்மாள் கண்ணைத் தூக்கிப் பார்ப்பார், இவர் கையை நிறுத்துவார். ஒரு பேச்சில்லை. தேங்காய்ப் பாலும் வெல்லமும் ஊற்றி ஏழு சுற்று தின்றேன். தின்றுகொண்டே, இந்த இரண்டு பேருக்கும் துரையின் தாளைக் கொடுத்தால் என்ன எழுதுவார்கள் என்று யோசித்தேன். கேட்டும்விட்டேன்.

“நாங்க என்னங்க எழுதறது? அவரு அமுக்கலீன்னா சோறில்லை. அம்புட்டுத்தானுங்க” என்றார் நாச்சம்மாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி கூடத்தில் எண்பது பேரும் கூடினார்கள். முன்வரிசை நாற்காலிகளில் டாக்டர் மாணவர்கள். அவர்களுக்குப் பின்னால் பெஞ்சுகளில் நர்ஸ் மாணவிகள், அதற்கும் பின்னால் கம்பவுண்டர் மாணவர்கள். சுகாதார ஆய்வாளர் மாணவர்களுக்கு இடம் போதவில்லை, சுவரோரம் நின்றார்கள். யாரும் யாரையும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்வதுபோல் அமைந்துவிட்டது.

மேட்ரனம்மாள் எழுந்து, நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று பேசினார். நல்ல உயரம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, பேசும்போது புடவையும் சேர்ந்து சரசரத்தது. பிறகு டீ வந்தது. முன்வரிசைக்குப் பீங்கான் கோப்பையும் தட்டும். நர்ஸ் மாணவிகளுக்கு எவர்சில்வர் டம்ளர். கம்பவுண்டர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். சுவரோரம் நின்றவர்களுக்கு ஒரு வாளியிலிருந்து அலுமினியக் குவளையில் மொண்டு கொடுத்தார்கள். ஒரே டீதான், நான் விசாரித்தேன். அளக்க வந்ததை அங்கேயே அளந்துகொண்டு அடுத்த கப்பலுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் எனக்கும் பீங்கான் கோப்பை வந்தது. டீ நன்றாக இருந்தது. இரண்டாவது கோப்பையும் வாங்கிக்கொண்டேன்.

தாள்களைக் கொடுத்து, இங்கேயே எழுதித் தரும்படி சொன்னேன். ராமசாமி என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. இப்பவே எழுதுன்னு நெருக்குனா நல்லாவா இருக்கும்? விடுதிக்கு எடுத்துட்டுப் போயி நெதானமா எழுதட்டுமுங்க. நாளைக்குக் காலைல எண்பதும் உங்க கைக்கு வந்துரும். அதுக்கு நான் பொறுப்புங்க.”

ஏழு சுற்று சந்தகை தின்றவன் எந்த வாயால் முடியாது என்பது? சரி என்றேன். என் வேலையில் நான் செய்த தவறு அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

மூன்றாம் நாள் காலை சொன்னபடி எண்பது தாளும் வந்தன. ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் கசங்கவில்லை. பினாங்கில் நூறு தாள் கொடுத்தால் அறுபது திரும்பும், அதில் பத்தில் படம் வரைந்திருப்பார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புரட்டினேன். எண்பது தாளிலும் ஒரே ஊதா மை. ஒவ்வொரு டிக்குக்கும் நுனியில் ஒரே மாதிரி சின்ன வளைவு. அடியில் வேறு கருத்து என்ற இடத்தில் எண்பது பேரும் முத்து முத்தான ஒரே கையெழுத்தில் ‘நல்லா இருக்குதுங்க’ என்று எழுதியிருந்தார்கள்.

ராமசாமியிடம் காட்டினேன். அவர் முகம் பெருமையில் மலர்ந்தது.

“மரகதத்தோட எழுத்துங்க! ரெண்டாவது வருச நர்ஸ் புள்ளை. இந்த ஆஸ்பத்திரிலயே அதாட்ட யாரும் எழுத மாட்டாங்க. நம்ம சார்ட்டு, ரிப்போட்டு எல்லாம் அதுதான்.”

“எண்பது பேருக்கும் அந்தப் பெண்ணா எழுதியது?”

“டாக்டர் பசங்களுக்கு எழுத்து வேலை பழக்கமில்லீங்க, நர்ஸுககிட்டக் குடுத்துருவாங்க. நர்ஸுக எல்லாஞ் சேந்து மரகதத்துகிட்டக் குடுத்துருப்பாங்க. அதைப் பாத்துட்டுக் கம்பவுண்டர் பசங்களும் சுகாதாரப் பசங்களும் குடுத்துருப்பாங்க. எல்லாரும் ஒத்துமையாத்தானுங்களே செஞ்சிருக்காங்க?” என்றவர், என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “ஏனுங்க, தப்புங்களா?”

அவரவர் கையால் எழுத வேண்டும் என்றேன். என் வேலையே அதில்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மேட்ரனம்மா காதுல மட்டும் போட்றாதீங்க. போன வருசம் பரிச்சைல பாத்து எழுதுனான்னு ஒரு புள்ளையப் பெட்டியோட ஊருக்கு அனுப்பிப்போட்டாங்க. மரகதம் தாராபுரத்துப் பக்கம். அப்பனும் ஆத்தாளும் கூலிக்குப் போறவங்க. ஊருக்கு வெளிய இருக்கற அந்த வளவுலயே படிக்க வந்தது இது ஒண்ணுதானுங்க.”

நான் பதில் சொல்வதற்குள் வெளியே வேன் ஹாரன் அடித்தது. அன்று தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மருத்துவ முகாம். நான்கு படிப்புக்காரர்களும் சேர்ந்து போகிறார்கள், நீங்களும் வந்து பாருங்கள் என்று என்னை ஏற்றிவிட்டார்கள். கடைசி பெஞ்சில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒல்லியாக, கறுப்பாக ஒரு பெண். விரலில் ஊதா மை. கேட்காமலே தெரிந்தது.

தென்னந்தோப்புக்குள் போகிற பாதையில் வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. முந்தின இரவு யானை வந்து வரப்பை மிதித்து, வாய்க்கால் தண்ணீர் பாதைக்கு வந்திருந்தது. எல்லோரும் இறங்கினோம். டாக்டர் மாணவர்கள் சக்கரத்தைச் சுற்றி நின்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காரணத்தில் கருத்து வேற்றுமை இருந்தது, தள்ளுவது டிரைவர் வேலை என்பதில் இல்லை. கம்பவுண்டர் மாணவர்கள் மருந்து பாட்டில்கள் உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். சுகாதார மாணவர்கள் தேங்கிய தண்ணீரைக் கண்டதும் கடமை நினைவுக்கு வந்து, அதில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். நான் எண்பது தாள் இருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேட்டில் நின்றேன். சேறு பட்டுவிடக் கூடாதல்லவா?

தோப்பில் மட்டை வெட்டிக்கொண்டிருந்த நாலைந்து பேர் வந்து தோள் கொடுத்தார்கள். மரகதம் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்களோடு போய்த் தள்ளினாள். மூன்றாவது மூச்சில் வேன் ஏறிவிட்டது.

தோப்பின் மேற்பார்வைக்காரர் ஓடிவந்து, வேனில் வந்த எங்களுக்கெல்லாம் இளநீர் வெட்டிக் கொடுத்தார். தள்ளியவர்களுக்குத் தண்ணீர், கொட்டாங்குச்சியில், அதுவும் தூக்கி ஊற்றினார். மரகதம் எந்தப் பக்கம் நிற்பது என்று ஒரு நொடி பார்த்தாள். பிறகு, “எனக்குத் தாகமில்லீங்க” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுக்கப் போய்விட்டாள். என் கையில் இளநீர் இருந்தது. அதை நான் கீழே வைக்கவில்லை.

முகாமில் மதியச் சாப்பாடு அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சாதம், மேலே நெய். எல்லோரும் சாப்பிட்டுக் கண் சொக்கும் நேரத்தில் மரகதம் ஒரு வேப்பமரத்தடியில் தனியாக நோயாளிகளின் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்த் தாள்களை எடுத்துக் காட்டினேன். எழுந்து நின்றுவிட்டாள்.

“மேட்ரனம்மாகிட்டச் சொல்லிப்போட்டீங்களா சார்?”

“இல்லை. எல்லோருக்கும் ஒரே பதில் போடாமல் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறாயே, எப்படி?”

“ஒரே மாதிரி போட்டா நீங்க கண்டுபுடிச்சுருவீங்கன்னு, அஞ்சு பேருக்கு ஒருத்தருக்கு ‘முழுமையாக’ங்கறதை உட்டுப்போட்டு வெறும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ போட்டேனுங்க. டாக்டர் பசங்களுக்கு மட்டும் ரெண்டு எடத்துல ‘தெரியவில்லை’ போட்டேன். அவங்க அப்புடித்தான் இருப்பாங்க.”

மூன்று வருடம் புள்ளிவிவரம் பார்த்த எனக்கு இவ்வளவு நேர்த்தியாக ஏமாற்றத் தெரியாது. “எல்லாம் சாதகமாகவே இருக்கிறதே. அதுதான் உண்மையா?” என்றேன்.

“கடல் தாண்டி வந்த ஒறம்பரைகிட்டப் போயி ஊட்டுச் சண்டையச் சொல்லுவாங்களா சார்?” ஒறம்பரை என்றால் விருந்தாளி.

“உன் தாள் எது?”

“என்றது இல்லீங்க. டாக்டருக்குப் படிக்கிறவரு ஒருத்தரு கூட்டத்துக்கு வராம, ராத்திரி வந்து தாள் கேட்டாரு. என்றதை அவருக்குக் குடுத்துட்டேன்.”

ஆக, எண்பது தாளையும் எழுதியவளின் கருத்து மட்டும் எண்பதிலும் இல்லை. என் கோப்பில் மாதிரிக்கென்று ஒரு வெற்றுத்தாள் குத்தி வைத்திருந்தேன். அதைக் கழற்றிக் கொடுத்தேன். பெயர் வேண்டாம், உனக்குத் தோன்றுவதை எழுது, உன்னைப் பற்றி யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். வேன் நின்ற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து எழுதினாள். முதல் வாக்கியத்துக்கு, மற்றவர்களிடம் கற்க வேண்டியது உண்டு என்பதற்கு, முழுமையாக ஒப்புக்கொண்டாள். மற்றவர்கள் காதுகொடுத்துக் கேட்கிறார்கள் என்பதற்கு முழுமையாக மறுத்தாள். அதன் பிறகு பெரும்பாலும் மறுப்புத்தான். அடியில் நான்கு வரி போதாமல் தாளின் பின்பக்கமும் போனாள். அவள் எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம்.

‘போன மாதம் எங்கள் வார்டில் ஒரு அம்மாள் இருந்தார்கள். பென்சிலின் ஊசி தனக்கு ஒத்துக்கொள்ளாது, முன்னே ஒரு தடவை போட்டு மூச்சு நின்றுவிட்டது என்று என்னிடம் சொன்னார்கள். டாக்டரிடம் சொல்லப் பயந்துகொண்டு என்னிடம் சொன்னார்கள். நான் சார்ட்டில் பெரிதாக எழுதி, கீழே கோடும் போட்டேன். மறுநாள் அதே சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே டாக்டர் மாணவர் அந்த ஊசியைப் போடச் சொன்னார். நான் அப்போது அடுத்த வார்டில் இருந்தேன். அந்த அம்மாள் மூன்று நாள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்து பிழைத்தார்கள். எல்லாவற்றையும் என்னை எழுதச் சொல்கிறார்கள். நான் எழுதியதை யாரும் படிப்பதில்லை.’

தாளை மடித்து, மடிப்பை விரலால் நீவிவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

“சார், இதையாவது படிப்பாங்களா?”

“படிப்பார்கள். எங்கள் துரைக்குத் தமிழ் தெரியாது. நானே அவருக்குப் படித்துச் சொல்கிறேன்” என்றேன். சத்தியமாக அப்போது நான் அதைச் செய்வதாகத்தான் இருந்தேன்.

நான்காம் நாள் கிளம்பும்போது நாச்சம்மாள் கச்சாயம் என்ற வெல்லப் பணியாரம் சுட்டு டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். விடைபெற ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேட்ரனம்மாள் வராந்தாவில் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு மரகதம்.

“எங்க புள்ளைக ஒழுங்கா எழுதிக் குடுத்தாங்களா? ஏதாச்சும் கொறை இருந்தா மறைக்காமச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்” என்றார் மேட்ரனம்மாள்.

மரகதத்தின் தட்டில் ஊசிகள் மெல்லக் கிணுகிணுத்தன. ராமசாமி துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“ஒரு குறையும் இல்லை. நல்லா இருக்குதுங்க” என்றேன். நாலு நாளில் எனக்கும் அது வந்துவிட்டது. அவளைக் காப்பாற்றியதாக ரயிலில் வெகுநேரம் என்னை நானே மெச்சிக்கொண்டேன். என் நிரந்தரத்தையும் அதே வாக்கியத்தால் காப்பாற்றிக்கொண்டேன் என்பது ஈரோடு தாண்டிய பிறகுதான் உறைத்தது.

பினாங்கில் துரை நான் போட்டுக் கொடுத்த அட்டவணையைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். தாள்களை அவர் தொடவில்லை, கூட்டல் கணக்கு போதும் அவருக்கு. இப்படி ஒரு ஒற்றுமையை உலகத்தில் எங்கும் கண்டதில்லை, கோயமுத்தூரைப் பார்த்து மற்ற ஊர்கள் கற்க வேண்டும் என்றார். மேஜையில் ஓர் உறை இருந்தது. அதன்மேல் என் பெயர் தட்டச்சாகியிருந்தது.

“எண்பதுதானே கொண்டுபோனாய்? எண்பத்தொன்று இருக்கிறதே” என்றார்.

“ஒன்று மாதிரித் தாள். அதையும் ஒருவர் நிரப்பினார்.”

அவர் அந்த வரியைப் பென்சிலால் தொட்டார். “இது மற்ற எண்பதோடு கொஞ்சமும் ஒத்துப்போகவில்லையே. யாரோ கோபக்காரர். எங்கே தாள்?” வாங்கிப் பார்த்தார். ஊதா எழுத்தின்மேல் அவர் கண் மேலிருந்து கீழே ஒரு தடவை இறங்கிற்று. “நீளமாக ஏதோ எழுதியிருக்கிறார். நீ படித்தாயா?”

“படித்தேன்.”

“முக்கியமானதா?”

நான் உறையைப் பார்த்தேன். படித்துச் சொன்னால், யார் எழுதியது என்பார். எழுத்து ஒன்றாயிருப்பது தெரிந்தால் எண்பதும் போகும், உறையும் போகும். வாயைத் திறந்தேன். வேப்பமரத்தடியில் மரகதம் கேட்டது நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாயிலிருந்து வந்தது வேறு.

“அப்படி ஒன்றுமில்லை, சார்.”

“அப்படியானால் இந்த ஒன்றை எடுத்துவிடலாம். எண்பது பேர் சொல்வதை ஒருவருக்காகக் கெடுப்பானேன்? நீ என்ன சொல்கிறாய்?”

மற்றவர் கருத்தையும் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்பது துரையின் பதினோராவது வாக்கியம். அதன்படிதான் என்னைக் கேட்டார். ஐந்து கட்டங்களும் என் கண்முன் நின்றன.

“முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்” என்றேன்.